லைன் லயமான வரலாறு



நாம் அன்றாடம் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'லைன்' என்பதும் ஒன்று. புகையிரதம் ஓடுவதும் லைன். தொலைபேசியிற் பேசக் கிடைப்பதும் லைன். மின்சாரம் வருவதும் லைன். பஸ் தரிப்பிலே ஒருவர் பின் ஒருவராக நாம் நிற்பதும் லைன். இவையெல்லாம் நாடெங்கும் வழங்கும் பொருள்கள். ஆனால், கண்டி மாநகரை விட்டுப் புறப்பட்டுக் கலஹாவுக்கோ, புசல்லாவைக்கோ, ஹேவாஹெட்டைக்கோ செல்லும் பாதையிலே ஒருவரை நிறுத்தி, 'லயம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால், அவர் மலைச்சரிவிலே நீளமாய்க் கிடக்கும் ஒரு கட்டிடத்தைச் சுட்டிக்காட்டுவார். அங்கே அடுப்பெரியும், பிள்ளைகள் விளையாடுவர், முதியோர் வாசலில் அமர்ந்திருப்பர். லைன் என்ற சொல்லே அங்கு லயமாகி, மனிதர் குடியிருக்கும் இடத்துக்குப் பெயராய் நிற்கின்றது. கோட்டைக் குறித்த ஒரு சொல், குடியிருப்பைக் குறிக்கலாயிற்று எவ்வாறு? அந்த மாற்றத்தினாலே அங்கு வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்தது யாது? இவ்விரண்டு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

முதலிலே சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியிலே 'லீனும்' என்பது சணற்செடி வகையொன்றின் பெயர். அதன் நாரிலிருந்து திரித்த நூலுக்கு 'லீனியா' என்று பெயர். அந்நாரில் நெய்த துணியே 'லினன்' எனப்படுவது. தச்சனும் கொத்தனும் நேர் பார்ப்பதற்கு நூல் பிடிப்பதை நாம் அறிவோம். அவ்வாறு பிடித்த நூல் காட்டும் நேர்மையே கோடு என்னும் பொருளைத் தந்தது. எனவே, லைன் என்ற சொல் முதலில் நூலாயிருந்து, பின்னர் நூல் காட்டும் கோடாயிற்று. கோட்டிலே பொருள்கள் வரிசையாய் அமைவதால் வரிசையும் ஆயிற்று.

இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்த பொருள்கள் பல. மீன் பிடிக்கும் தூண்டிற் கயிறும் ஆங்கிலத்திலே லைன். செய்யுளின் ஓர் அடியும் லைன். கப்பற் கம்பனியும் லைன். பூமியின் நடுக்கோடும் மாலுமிகளுக்கு லைன். தந்தையிலிருந்து மகனுக்கும், மகனிலிருந்து பேரனுக்கும் இறங்கி வரும் வமிசத் தொடர்ச்சிக்கும் அதுவே பெயர். நம் தமிழிலே இவ்வொவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நூல், கயிறு, கோடு, வரி, நிரை, அடி, மரபு என்று நாம் பிரித்து வழங்குவனவற்றையெல்லாம் ஆங்கிலேயர் ஒரே சொல்லால் வழங்குகின்றனர். இப்பொருள்களுள் எதிலும் வீடு என்ற கருத்து இல்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு இச்சொல் வந்தது படை வழியாகவே. இந்தியாவிலே ஆங்கிலேயர் படைகளை நிறுத்திய பாளையங்களிற் சிப்பாய்கள் தங்குவதற்கு வரிசை வரிசையாகக் குடிசைகள் அமைத்தனர். அவ்வரிசைகளை 'லைன்ஸ்' என்றே அழைத்தனர். டில்லி போன்ற நகரங்களிலே 'சிவில் லைன்ஸ்' என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. சிப்பாய் ஓரிடத்திலே நிலைத்து வாழ்பவன் அல்லன். கட்டளை வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மறு பாளையத்துக்குப் போக வேண்டியவன். ஆகவே அவனுக்கு வேண்டியது வீடு அன்று. வரிசையில் ஓர் இடமே. இராணுவப் பேச்சிலே இச்சொல் பொருத்தமாகத்தான் இருந்தது.

இச்சொல் மலை ஏறிய காலத்தைக் கவனிப்போம். 1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மன்னர் ஆட்சிக் காலத்திலே பகைவர் புகாத அரணாய் இருந்த காடுகளினூடே, 1820களில் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைத்தனர். வீதி வந்ததும் கோப்பிச் செய்கையும் வந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதியாயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையிலே தாமே ஒரு தோட்டம் வைத்தார். பார்ன்ஸ் ஒரு படைத் தளபதி. அக்காலத்தில் மலையிலே காணி வாங்கியவர்களுள் இராணுவ உத்தியோகத்தரும் அரசாங்க உத்தியோகத்தரும் பலர். தோட்டத்து ஆட்களைத் தங்கவைக்க இடம் வேண்டுமென்று வந்தபோது, பாளையத்து முறையும் பாளையத்துச் சொல்லும் அவர்களுக்குப் பழக்கமானவையாயிருந்தன. அவை இரண்டும் கண்டி மலைகளிலே வேரூன்றின.

அக்காலத் தொழிலாளர் யாவர்? திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலான பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்ட ஏழைக் குடியானவர்கள். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, ஏறக்குறைய 150 மைல் தூரம் காட்டுப் பாதையிலே கால்நடையாக மாத்தளை வழியே கண்டிக்கு வந்தார்கள். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் மிகப் பலர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இம்மலைநாடு முழுவதுக்கும் 'கண்டிச் சீமை' என்றே பெயர் வழங்கியது. ஹற்றனுக்குப் போனவனும், பதுளைக்குப் போனவனும் ஊரார் வாயிலே கண்டிக்குப் போனவனே.

கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டிலே சில மாதங்களுக்குரிய வேலை. வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினர். வந்தவர்களிற் பெரும்பகுதியினர் குடும்பத்தைப் பிரிந்து வந்த ஆண்கள். இத்தகையோருக்குத் தோட்டத்துரைமார் கட்டிக்கொடுத்தது மண்சுவரும் புற்கூரையும் உள்ள நீண்ட கொட்டில். சிப்பாயைப் போலவே இவனும் வந்து போகிறவன் என்று அவர்கள் எண்ணினர். அந்த எண்ணத்தை அச்சொல்லே சுமந்துகொண்டு வந்தது.

பின்னர் நிலைமை மாறியது. 1867 ஆம் ஆண்டிலே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். புகையிரதம் கண்டியை வந்தடைந்ததும் அவ்வாண்டிலேயே. இரண்டு ஆண்டு கழித்து, 1869 இல், கோப்பியிலே இலைத்துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி பெரும்பாலும் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். துளிர்க்குந்தோறும் பறித்தாக வேண்டும். பறிப்பதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் பிறந்தனர், பெற்றோர் இம்மண்ணிலேயே புதையுண்டனர். வந்து போகிறவர் நிலைத்து வாழ்பவர் ஆயினர். ஆனால் கொட்டில் வீடாகவில்லை. மண்சுவர் கற்சுவராயிற்று, புற்கூரை தகரக் கூரையாயிற்று என்பது உண்மை. அமைப்பு மட்டும் மாறவில்லை. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறை. முன்னே ஒடுங்கிய ஒரு திண்ணை. அத்தகைய அறைகள் ஆறு, பத்து, பன்னிரண்டு ஒரே கூரையின் கீழ். சிலவற்றிலே முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. அவற்றிற் பின்பக்கத்துச் சுவருக்குச் சாளரம் வைக்க இடமேயில்லை. அந்த ஓர் அறையிலே சமையலும், உறக்கமும், பிரசவமும், நோயும், சாவும் நிகழ்ந்தன.

இங்கே மொழியாராய்ச்சியாளர் வியக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அந்த அறைக்கு மலைநாட்டுத் தமிழர் இட்ட பெயர் 'காம்பரா'. இது அறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். முன்திண்ணைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'இஸ்தோப்பு'. இது ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. கட்டிடம் முழுவதற்கும் பெயரான லயனோ ஆங்கிலச் சொல். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கண்டியைப் பிடிக்கப் பலமுறை முயன்றும், அதனை நிலைத்து ஆள அவர்களால் முடியவில்லை. எனினும் அவர்தம் சொற்கள் கரையோரத்துச் சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, படைகளால் நிலைகொள்ள முடியாத மலைகளில் நிலைகொண்டன. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய சாதியாரின் மொழியும் ஓர் ஏழைத் தொழிலாளியின் பத்தடி அறையிலே ஒருங்கு கூடியிருக்கின்றன.

லைன் என்பது லயன் ஆகி, லயன் என்பது லயம் ஆனதும் தமிழ் மரபின்படியே. நிலம் என்பதை நிலன் என்றும், அறம் என்பதை அறன் என்றும் வழங்கும் வழக்கம் பழந்தமிழில் உண்டு. சொல்லின் இறுதியிலே மகரமும் னகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதை இலக்கண நூலார் கடைப்போலி என்பர். இலக்கணம் படியாத தொழிலாளியின் நாவும் அவ்விதியையே பின்பற்றி, லயனை லயம் ஆக்கியது. அதன்பின் மரம் என்பது மரத்து என உருபேற்பதுபோல, லயம் என்பதும் 'லயத்து வாசல்', 'லயத்துப் பிள்ளை' என உருபேற்று, முழுத் தமிழ்ச் சொல்லாகவே நடமாடத் தொடங்கியது. குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கும் லாயம் என்ற சொல்லோடு இதற்கு ஒலியொப்புமை உண்டு, உறவு இல்லை. ஆயினும், இவ்விரண்டும் ஒத்து ஒலிப்பதைக் கேட்டு மனம் நொந்தவர் பலர் இருந்திருப்பர். கடல் கடந்து மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் தம் குடியிருப்பை லயம் என்றே அழைத்தனர். பீஜித் தீவிலே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தவர் இருந்த இடத்துக்கும் லைன் என்பதே பெயர்.

பாளையத்துச் சொல் லயம் ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். விடியற்காலையிலே தொழிலாளர் கூடி, வேலை பங்கிடப்பெறும் இடத்துக்குப் 'பிரட்டுக் களம்' என்று பெயர். படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே பிரட்டு ஆயிற்று. பிரட்டுக் களத்திலிருந்து மலைக்குப் போனால், கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கங்காணி ஒரு 'நிரை' கொடுப்பார். நிரை என்பது நல்ல தமிழ்ச் சொல். அதன் பொருளும் வரிசையே. ஆகவே, காலையில் ஆங்கில வரிசையிலிருந்து எழுந்து, தமிழ் வரிசையிலே நின்று பகல் முழுவதும் கொழுந்தெடுத்து, மாலையில் மீண்டும் ஆங்கில வரிசைக்குத் திரும்புவதே ஐந்து தலைமுறைப் பெண்களின் வாழ்நாளாயிற்று.

இனி, தமிழன் தான் வாழும் இடத்துக்குத் தானே இட்ட பெயர்களைச் சிறிது நோக்குவோம். இல், மனை, அகம், வீடு, குடி என்பன அவை. இல் என்பதிலிருந்து இல்லாள் வந்தாள். மனை என்பதிலிருந்து மனைவி வந்தாள். வீடு என்பது விடுதலையையும் குறிக்கும். ஆன்மா அடையும் இறுதிப் பேற்றை வீடுபேறு என்றனர் நம் முன்னோர். குடி என்பது வீடு; வீட்டிலுள்ள குடும்பம்; அக்குடும்பம் தோன்றிய மரபு; நாட்டின் மக்கள் என்று விரிந்துகொண்டே போகும். குடியிருப்பு, குடித்தனம், குடிமகன் என்பனவெல்லாம் அச்சொல்லின் வழி வந்தவை. ஒருவன் ஒரு நாட்டுக்கு உரியவன் என்பதைக் குறிக்க நாம் இன்று வழங்கும் குடியுரிமை என்ற சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. தமிழ்ச் சொல்லாட்சியிலே வீட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நெருக்கமானது. லைன் என்ற சொல்லிலோ வீடும் இல்லை, குடியும் இல்லை. ஆட்களை வரிசையாய் நிறுத்திய ஏற்பாடு ஒன்றே உண்டு.

இது சொல்லளவில் நின்றிருந்தால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சொல்லிலே இல்லாதது வாழ்விலும் இல்லாமற்போயிற்று என்பதே மலைநாட்டின் வரலாறு. லயம் தோட்டத்தின் உடைமை. வேலை உள்ளவரை அங்கு இருக்கலாம். வேலை போனால் இடமும் போகும். உறவினர் வந்து தங்குவதற்கும் தோட்டத்துரையின் சம்மதம் வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர் உள்ளே வந்தால், பிறர் காணியில் அத்துமீறிப் புகுந்தார் என்று குற்றம் சாட்டலாம். மலைநாட்டுத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசையர், தொடக்க நாளிலே துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று சொல்லப்படுகிறது. தன் வாசலுக்கு வருபவனை வரவேற்கும் உரிமைகூட லயத்தில் வாழ்ந்தவனுக்கு இருக்கவில்லை. 1940 ஆம் ஆண்டு சனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். வர்த்தக முறையிலே முதன்முதல் தேயிலை பயிரான பகுதியே தொழிலாளியின் இரத்தத்தையும் கண்டது. 1946 ஆம் ஆண்டிலே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டத்தை அரசாங்கம் குடியேற்றத்துக்காக எடுத்தபோது, நெடுங்காலம் அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறி இருந்தவர்கள் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. தம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அறையிலே அவர்கள் சட்டப்படி அந்நியராயினர்.

சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கும் ஒருவர், 1946 ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வசித்ததாக நிறுவ வேண்டியிருந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு. மணமாகாதவருக்கு 10 ஆண்டு. வசித்ததற்குச் சான்று கேட்கும்போது மற்றையோர் எதைக் காட்டுவர்? காணி உறுதியைக் காட்டுவர். வீட்டுவரிப் பற்றுச்சீட்டைக் காட்டுவர். லயத்திலிருந்தவனுக்கு உறுதியும் இல்லை; வரிச்சீட்டும் இல்லை. தோட்டத்துச் செக்றோலிலே எழுதிய பெயரையே அவன் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. குடி இல்லாதவனிடம் குடியுரிமைக்குச் சான்று கேட்டது காலத்தின் கோலம்.

அதன்பின் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவ்வெஞ்சியோரைச் சரிபாதியாகப் பிரித்தது. ஒரே லயத்துக் காம்பராக்களிலே தமையன் இந்தியக் கடவுச்சீட்டும், தம்பி இலங்கைப் பதிவும் பெற்றுப் பிரிந்தனர். மலைநாட்டின் எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை தம் நூல்களுள் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்றும், மற்றொன்றுக்கு 'நாடற்றவர் கதை' என்றும் பெயரிட்டார். இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால், வீடின்மையும் நாடின்மையும் ஒரே துன்பத்தின் இரண்டு முகங்கள் என்பது விளங்கும். எஞ்சிய இந்திய வம்சாவளியினருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரசாவுரிமை கிடைத்தது. சட்டத்திலே நாடு கிடைத்தது, வீடு கிடைத்ததா?

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. 2015 ஆம் ஆண்டின் பின்னர், குடும்பமொன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் வழங்கும் திட்டம் தொடங்கியது. இந்திய அரசின் உதவியுடனும் வீடுகள் எழுந்தன. 2018 இல் நிறைவேறிய சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்குப் 'புதிய கிராமங்கள்' அபிவிருத்தி அதிகாரசபை ஒன்றை அமைத்தது. கிராமம் என்ற சொல் தோட்டத்துக்குச் சட்டத்தில் வந்து சேர்ந்தது சிறிய காரியம் அன்று. எனினும், 2023 இல் மலைநாட்டுத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோதும், மிகப் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்ந்தன. கண்டி நகரத்தினுள்ளேயே, மகியாவையிலே, நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளரின் குடியிருப்புக்கும் லைன் என்றே பெயர் வழங்கியது. இன்றும் பல தோட்டங்களிலே கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்டத்துக்குப் பொதுவாக வந்து, பின்பே கைமாறிச் சேருகின்றது. வரிசைக்கு முகவரி உண்டு. வரிசையில் உள்ளவருக்கு முகவரி இல்லை.

இத்தனையும் கூறியபின், லயம் என்ற சொல்லை மலைநாட்டு மக்கள் வெறுத்து ஒதுக்க வேண்டுமா என்று கேட்கலாம். அவ்வாறு கூறுவது நியாயமாகாது. அந்த ஒடுங்கிய வாசலிலேதான் காமன் கூத்து நடந்தது, தப்பு முழங்கியது, ஒரு வீட்டுத் துக்கம் பன்னிரண்டு வீட்டாரின் துக்கமாயிற்று. 'எங்கள் லயத்து ஆள்' என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது, ஆங்கிலேயன் அச்சொல்லிலே வைக்காத உறவை அவள் வைத்துச் சொல்கிறாள். ஆங்கில அகராதியிலே லைன் என்பதற்கு வமிசத் தொடர்ச்சி என்றும் ஒரு பொருள் உண்டென்று முன்னே கூறினோம். ஐந்து தலைமுறையாக ஒரே கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவர்கள் அப்பொருளைத் தம் வாழ்வினாலேயே அச்சொல்லுக்கு உரித்தாக்கினர்.

ஆயினும், 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்ற பழமொழியை நம் முன்னோர் காரணமின்றிச் சொல்லவில்லை. கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்திலே பழைய லயக் காம்பராக்களைத் தொழிலாளர் வாழ்வு கூறும் அரும்பொருளகமாக 2007 ஆம் ஆண்டிலே அமைத்திருக்கின்றனர். பழைய விளக்கும், கொழுந்துக் கூடையும், கங்காணியின் தடியும் போன்ற பொருள்கள் இருக்க வேண்டிய இடம் அரும்பொருளகமே. லயமும் இருக்க வேண்டிய இடம் அதுவே. கண்டியிலிருந்து மலையேறும் நேயர்கள் அந்த நீண்ட கூரைகளைக் காணும்போது, வண்டியின் சாளரத்தினூடே அழகிய காட்சியென்று மட்டும் பார்த்துச் செல்லாதிருப்பார்களாக. அக்கூரையின் கீழ் எத்தனை வாசல்கள் என்று எண்ணிப் பார்ப்பார்களாக. அத்தனையும் குடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காணித்துண்டும், ஓர் இலக்கமும், ஒரு பெயரும் கடன்பட்டிருக்கின்றது இந்நாடு.